கொள்ளி விழும் இரவு

கூத்தம்பாறையின் உச்சியில் ஒரு சுனை உண்டு. சுனைக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. அதைத்தான் மடம் என்பார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சுனையம்மா என்று கூப்பிட்டார்கள். கேட்டால் பதில் சொல்வாள். புரியவில்லை என்றால் இரண்டாம் தடவை சொல்ல மாட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் அடைக்கலம், வயது அறுபத்தைந்து. குருவுக்கு மூத்த சீடர் என்று கீழே ஊரில் கேலி பேசுவார்கள். அடைக்கலம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மனைவி இறந்த வருஷம் பாறை ஏறி வந்தவர், விறகு பொறுக்கி, சோறு பொங்கி, முற்றம் கூட்டி மூன்று வருஷமாக அங்கேயே இருக்கிறார்.

ஒவ்வொரு வருஷமும் ஆடிக் கடைசியில் இரண்டு மூன்று இரவுகள் அந்தப் பாறைக்கு மேலே நட்சத்திரங்கள் விழும். நடுச்சாமம் தாண்டிவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஊர்க்காரர்கள் அதை எரிகொள்ளி என்பார்கள். பேச்சில் கொள்ளி என்று சுருக்கிவிடுவார்கள். கொள்ளி விழுவதைப் பார்த்தவனுக்கு மறதி வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தப்பித் தவறிப் பார்த்துவிட்டால் உடனே ஒரு பூவின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் மனதில் இருப்பது அப்படியே நிற்கும். அதற்குப் பயந்து அந்த நாட்களில் யாரும் வாசலில் கட்டில் போட மாட்டார்கள்.

சுனையம்மா மட்டும் பாறையில் மல்லாந்து கிடந்து விடிய விடியப் பார்ப்பாள். அடைக்கலம் வந்ததிலிருந்து மூன்று ஆடியிலும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தலையோடு துண்டைப் போர்த்திப் படுத்துக்கொண்டார். மறந்துவிடக் கூடாத ஒன்று அவரிடம் இருந்தது.

அது அவருடைய தம்பி வெள்ளைச்சாமி செய்த காரியம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தார். அப்போது அடைக்கலம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டியோடு வடக்கே எங்கோ ஒரு காட்டில் இருந்தார். செய்தி கிடைத்து, இரண்டு ரயில் மாறி, மூன்று பஸ் மாறி ஊரில் வந்து இறங்கினார். ஊருணிக் கரையில் நின்று பார்த்தபோது சுடுகாட்டில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகனுக்கு உள்ள உரிமை. தம்பி வைத்துவிட்டான். வைத்து அரை மணி நேரம் ஆகிறது என்றார்கள்.

அரை மணி நேரம். அதைப் பொறுக்க முடியவில்லை அவனுக்கு.

அன்றைக்குத் திருப்பிக்கொண்ட முகம்தான். மனைவி இறந்தபோதும் தம்பிக்குச் சொல்லி அனுப்பவில்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வெள்ளைச்சாமி எட்டாம் நாள் வந்து தெருவில் நின்றான். அடைக்கலம் உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. நிழல் நகர்ந்து போகும்வரை கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பாறைக்கு வந்து நான்காவது ஆடி, இருபத்தெட்டாம் தேதி. காலையில் ஒரு பெண் பாறை ஏறி வந்தாள். அடைக்கலம் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா."

நிமிர்ந்து பார்த்தார். தம்பி மகள் மீனாள். கடைசியாகப் பார்த்தபோது பத்து வயது. மூக்கை வைத்துக் கண்டுபிடித்தார். அது அவருடைய அம்மாவின் மூக்கு.

"யாரு செத்தது?"

"யாரும் சாகலை."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

மீனாள் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "அப்பாவுக்கு மறதி வந்திருச்சு பெரியப்பா. ரெண்டு வருஷமாச்சு. எம் பேரு தெரியலை. சாப்பிட்டது தெரியலை. இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"கொள்ளி விழுறதைப் பார்த்திருப்பான். பூப்பேரு சொல்ல மறந்திருப்பான்."

"நல்லாக் குத்துங்க. குத்துறதுக்காச்சும் வாயைத் திறந்தீங்களே."

அடைக்கலம் ஒரு கல்லைப் பொறுக்கி வீசினார்.

"மத்தியானம் ஆனா எந்திரிச்சுப் போயி வாசல் நிலையில நிக்கிறாரு. ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சுக்கிட்டு. 'தூக்காதீங்க, அண்ணன் வந்துக்கிட்டிருக்கான், அண்ணன் வரட்டும்'னு சத்தம் போடுறாரு. தெருவுல போறவங்களையெல்லாம் கும்பிடுறாரு. பொழுது சாயுற வரைக்கும் இதேதான். யாரைத் தூக்கக் கூடாதுங்கிறாருன்னு முதல்ல எங்களுக்கு விளங்கலை. தாத்தாவைச் சொல்றாரு."

முறத்தில் விரல்கள் நின்றுவிட்டன.

"அன்னைக்கு நெசமா நடந்ததும் அதுதான் பெரியப்பா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பாடையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடலை. ரெண்டு நாளாச்சு, இனிமே வைக்க முடியாதுன்னு நாலு பேரு சேர்ந்து பிச்சு எடுத்தாங்க."

"இதை இப்போ வந்து சொல்றே."

"நீங்க எப்போ கேட்டீங்க?"

அடைக்கலம் முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டு வந்திருங்க. அண்ணன் வந்துட்டான்னு தெரிஞ்சா அடங்கிருவாருன்னு தோணுது. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாப் போச்சு அவருக்கு."

சுனையில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீனாள் இறங்கிப் போனாள். அடைக்கலம் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல் எது, அரிசி எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

சுனை ஓரத்தில் பானை கழுவிக்கொண்டிருந்த சுனையம்மா எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றும் கேளாதவள் போலப் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, ஒரு கேள்வி" என்றார் அடைக்கலம்.

"கேளுங்க."

"செஞ்சவன் மறந்துட்டான். பட்டவன் என்ன பண்றது?"

சுனையம்மா கையை உதறிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். மேகம் இல்லை.

"ராத்திரி பாறைக்கு வாங்க."

"அது எனக்கு ஆகாதும்மா. உங்களுக்குத்தான் தெரியுமே."

"அப்போ கேள்வியை அடுத்த ஆடிக்கு வச்சுக்குவோம்."

அன்றிரவு அடைக்கலம் அறைக்குள் படுத்தார். துண்டைப் போர்த்தினார். எடுத்தார். போர்த்தினார். நடுச்சாமம் ஆனபோது எழுந்து வெளியே வந்தார்.

நிலா இல்லை. பாறை பகல் வெயிலை இன்னும் விடாமல் வைத்திருந்தது. சுனையம்மா கையைத் தலைக்கு வைத்து மல்லாந்து கிடந்தாள். இரண்டு முழம் தள்ளி அவர் உட்கார்ந்தார்.

"அதோ" என்றாள்.

திரும்பினார். ஒன்றும் இல்லை.

"எங்கே?"

"போயிருச்சு."

கொஞ்ச நேரம் கழிந்தது.

"அதோ."

மறுபடியும் திரும்பினார். மறுபடியும் ஒன்றும் இல்லை. ஐந்தாறு தடவை இப்படியே நடந்தது. கழுத்து வலித்தது. பார்க்கப் பயந்துகொண்டிருந்த மனுஷனுக்கு இப்போது பார்க்க முடியவில்லையே என்று எரிச்சல் வந்தது.

"கொஞ்சம் முன்னாடி சொல்லக் கூடாதாம்மா?"

"விழுந்தாத்தானே எனக்கே தெரியும்?"

"நீங்க சொல்லி நான் திரும்புறதுக்குள்ள..."

"ஆமா."

"அது ஒரு நிமிஷம் பொறுத்து நின்னா என்ன?"

"அதுகிட்டச் சொல்லிப் பாருங்க."

அடைக்கலம் கடைசியாக அவள் காட்டிய இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் மூன்று விழுந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எதைப் பார்க்கிறீங்க?"

"இங்கேதானே விழுந்துச்சு."

"விழுந்துச்சு."

"அதான் பார்க்கிறேன்."

கழுத்து தாங்காமல் அடைக்கலமும் கடைசியில் மல்லாந்து படுத்தார். படுத்த மாத்திரத்தில் அது வந்தது. வடக்கேயிருந்து, பச்சையும் வெள்ளையுமாக, பாதி வானத்தைக் கீறிக்கொண்டு போயிற்று. போன பிறகும் கோடு கொஞ்ச நேரம் நின்றது.

"செவ்வரளி!" என்று கத்திவிட்டார்.

சுனையம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படி என்னத்தை இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தூக்கத்துல 'அரை மணி நேரம், அரை மணி நேரம்'னு சொல்றீங்க. அவ்வளவுதான் தெரியும். முழுசாச் சொல்லுங்க."

அடைக்கலம் சொன்னார். படுத்துக்கொண்டே, மேலே பார்த்துக்கொண்டே சொன்னார். நடுவில் கொள்ளி விழும்போதெல்லாம் ஒரு பூவைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

"ரயில்ல நிக்கக்கூட இடமில்லை. கக்கூஸ் பக்கத்துல உட்கார்ந்து வந்தேன். ஆவாரம்பூ. திருச்சியில இறங்கினா ஊர்ப் பஸ் போயிருச்சு. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். தும்பை. அங்கே ஒரு ஆளு என்னைப் பார்த்துட்டு யாரும் தவறிட்டாங்களான்னு கேட்டான். மூஞ்சியில எழுதியிருந்திருக்கும் போல."

"அப்புறம்?"

"ஊருணிக் கரைக்கு வந்தேன். எல்லாரும் குளிச்சிட்டு ஈரத்தோட ஏறி வர்றாங்க. நந்தியாவட்டை. முன்னாடி அவன் வர்றான். மொட்டைத் தலையோட."

"உங்களைப் பார்த்து என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே. நான்தான் சொன்னேன். எனக்கு அப்பனும் இல்லை, தம்பியும் இல்லைன்னேன். கொண்டுபோன பையைக் கீழே வைக்கலை. அப்படியே திரும்பிட்டேன். எருக்கு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"இப்பத்தானேம்மா சொன்னேன்."

"இன்னொரு தடவை."

இரண்டாம் தடவை சொன்னார். அதே ரயில், அதே பஸ், அதே ஊருணி. பூக்கள் மட்டும் வேறு. செம்பருத்தி, சாமந்தி, சங்குப்பூ, தாழம்பூ. தம்பி என்ன சொன்னான் என்று அவள் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றார். மூன்றாம் தடவை சொல்லச் சொன்னாள். கோவிலுக்குப் போகும் பூக்கள் எல்லாம் தீர்ந்து வேலிப் பூக்களுக்கு வந்தார். வேலியும் தீர்ந்து தோட்டத்துக்கு வந்தார்.

"பூசணிப்பூ. முருங்கைப்பூ. கத்தரிப்பூ."

"கத்தரிப்பூவெல்லாம் சேருமா?"

"பூதானேம்மா."

"சரி."

"வாழைப்பூ."

"அதை நேத்து நீங்கதானே பொரியல் பண்ணீங்க?"

"பேரு பூன்னுதானே இருக்கு?" அடைக்கலத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாறையில் படுத்துக்கொண்டு அந்த நேரத்தில் இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, "சொன்ன பூவையே திரும்பச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

"உங்க ஊர்ச் சட்டம். எனக்கென்ன தெரியும்?"

"சொல்லக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்போ சொல்லாதீங்க. நாலாந்தடவை சொல்லுங்க."

மூன்று மணி இருக்கும். கிழக்கே இன்னும் கருக்கல்தான். அடைக்கலம் சலித்துக்கொண்டே தொடங்கினார். ரயிலைத் தாண்டி, பஸ்ஸைத் தாண்டி, ஊருணிக் கரைக்கு வந்தார். ஈரத்தோடு ஆட்கள் ஏறி வந்தார்கள். தம்பி வந்தான். அந்த நேரத்தில் தலைக்கு நேர் மேலே ஒரு பெரிய கொள்ளி விழுந்தது. அவர் வாயைத் திறந்தார். பூ எதுவும் வரவில்லை.

"அண்ணே, நாளைக்குக் காடாத்து" என்றார்.

சுனையம்மா தலையைத் திருப்பினாள். "என்ன?"

அடைக்கலம் எழுந்து உட்கார்ந்தார். தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"அவன் சொன்னதும்மா. என் பையைப் பிடிச்சான். ஈரக் கை. பையெல்லாம் நனைஞ்சு போச்சு. 'அண்ணே, நாளைக்குக் காடாத்து இருக்கு. அதை நான் செய்ய மாட்டேன். உனக்குன்னு நிறுத்தி வச்சிருக்கேன். நீ இரு'ன்னான்."

எரித்த மறுநாள் சாம்பலில் எலும்பு பொறுக்கி, பால் ஊற்றிக் காட்டை ஆற்றுவதைத்தான் அந்தப் பக்கத்தில் காடாத்து என்பார்கள். கொள்ளி வைத்தவனே அதையும் செய்வது வழக்கம்.

"ஒண்ணும் சொல்லலைன்னீங்களே."

"ஆமா."

"மூணு தடவை கேட்டேன்."

"ஆமாம்மா."

"அப்புறம் யாரு செஞ்சது?"

அடைக்கலம் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். வெகுநேரம் தோள்கள் குலுங்கின.

"தெரியலைம்மா. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அதைக் கேட்கலை."

நட்சத்திரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவள் அதற்குப் பிறகு ஒன்றையும் அவருக்குக் காட்டவில்லை.

விடிந்ததும் அடைக்கலம் முகம் கழுவிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் பாறையை விட்டு இறங்கினார்.

நான்காம் நாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் திரும்பி வந்தார். முகத்தில் தாடி நரைத்துக் கிடந்தது. குரல் கட்டியிருந்தது. சுனையம்மா ஒரு செம்பு நீராகாரம் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நிலையில நின்னாரா?"

"நின்னான். கையை விரிச்சுக்கிட்டு. எலும்பும் தோலுமா இருக்கான்மா. நான் தெருவுல நின்னு, 'டேய் வெள்ளை, வந்துட்டேன்டா'ன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"என்னைக் கும்பிட்டான். 'பெரியவரே, நீங்களாச்சும் இவங்களுக்குச் சொல்லுங்க. எங்க அண்ணன் தூரத்துல இருந்து வந்துக்கிட்டிருக்கான். அதுக்குள்ள தூக்கணும்னு நிக்கிறாங்க'ன்னான்."

சுனையம்மா அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான்தான்டா உன் அண்ணன்னேன். கையைப் பிடிச்சேன். சிரிக்கிறான். எங்க அண்ணனுக்குத் தலை கருகருன்னு இருக்கும் பெரியவரே, உங்களை மாதிரி இருக்க மாட்டானேன்னு சொல்றான். மீனாள் சொல்லிப் பார்த்தா. அக்கம்பக்கத்துல சொல்லிப் பார்த்தாங்க. நம்பலை. சின்ன வயசுல ரெண்டு பேரும் கண்மாயில முங்கப் பார்த்ததைச் சொன்னேன். 'அதெல்லாம் எங்க அண்ணன் உங்ககிட்டச் சொல்லியிருக்கானா? நல்லாப் பழக்கமா?'ன்னு கேட்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லாப் பழக்கம் இல்லைன்னேன்."

காற்று சுனை நீரைச் சுருக்கிவிட்டுப் போயிற்று.

"காடாத்து யாரு செஞ்சதுன்னு மீனாள்கிட்டக் கேட்டேன். யாரும் செய்யலையாம். ஊர்ல எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்காங்க. அண்ணன் வந்து செய்வான்னு சொல்லிட்டானாம். மழை வந்து சாம்பலைக் கரைச்சிருக்கு."

சுனையம்மா நீராகாரச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு நாற்காலி எடுத்துப் போடச் சொன்னான். வெயில்ல நிக்காதீங்க பெரியவரே, அண்ணன் வந்ததும் தூக்கிரலாம்னான். நான் உட்காரலை. அவன் பக்கத்துல போயி நின்னேன். அவனுக்குக் கை வலிச்சா இறக்குவான். அப்போ நான் கையை விரிச்சு மறிச்சேன். தூக்காதீங்க, அவங்க அண்ணன் வரட்டும்னு நானும் சத்தம் போட்டேன். தெருவுல போறவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வீட்டுக்குள்ள பிணமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரெண்டு கிழடு நிலையை மறிச்சுக்கிட்டு நிக்குது. மூணு நாளும் பொழுது சாயுற வரைக்கும் நின்னோம். ரோட்டையே பார்த்துக்கிட்டு."

அடைக்கலம் நிறுத்தினார். சுனையம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணன் வந்தாரா?"

அடைக்கலம் பாறைக்குக் கீழே தெரிந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.